துரையின் கையெழுத்து

1873 ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஏழு காகிதத்தில் துரையின் கையெழுத்தைப் போட்டேன். ஆறாவதைப் போடும்போது வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பட்லர் சூசை. துரை கழித்துப் போட்ட பூட்ஸை மாட்டிக்கொண்டு வீடு முழுக்க டக்டக்கென்று நடக்கிறான், பாவி. போன உயிர் திரும்பி வர அரை மணி ஆயிற்று.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லாமலிருந்தால் வயிறு வெடித்துவிடும் போலிருக்கிறது. அதற்குத்தான் இந்த நோட்டு. இந்தத் திருச்சிராப்பள்ளிப் பட்டாளத் தண்டில் இருக்கிற வெள்ளைக்காரர்களில் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. அது ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

நான் பட்டாளத்து ஆபீசில் ரைட்டர், பெயர் அடைக்கலம். கர்னல் டங்கன் மக்காஸ்கில் துரைக்குப் பதினொரு வருஷமாக எழுதுகிறேன். ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவு அவருக்கு ஊர். ஐம்பத்தெட்டில், வடக்கே கலகம் நடந்தபோது, ஒரு கோட்டைச் சுவரில் தனியாளாக ஏறி உள்ளே குதித்துக் கதவைத் திறந்துவிட்டவர். அதற்கு மகாராணி கொடுத்த சிலுவைப் பதக்கம் மேஜை டிராயரில் கிடக்கிறது. பட்டாளத்தில் அவர் நடந்து வந்தால் சிப்பாய்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தத் துரைக்கு இப்போது கண் தெரியவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், விளக்கைக் கிட்டக் கொண்டுபோனால் தெரியும், அவ்வளவுதான். ஜனவரியில் ஒருநாள் அவர் போட்ட கையெழுத்து காகிதத்தை விட்டு இறங்கி மேஜைத் துணியில் போய் முடிந்தது. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"இனிமேல் நீயே போடு, ரைட்டர்."

"துரை, அது ஜெயிலுக்குப் போகிற குற்றம்."

"என் உத்தரவு."

"அதை எழுத்தில் கொடுத்தால்..."

"எழுத்தில் கொடுத்தால் அதன் கீழேயும் நீதானே கையெழுத்துப் போட வேண்டும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றையிலிருந்து போடுகிறேன். பார்த்துப் போடுகிறவன் நடுவில் மூலத்தைப் பார்க்க நிற்பான். நின்ற இடத்தில் மை ஒரு பொட்டு வைத்துவிடும். முதல் பத்து நாள் என் கையெழுத்திலும் மூன்று பொட்டு விழுந்தது. பிறகு ஒழித்துவிட்டேன். இப்போது என்னுடையதையும் அவருடைய பழையதையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே குழப்பம்தான்.

வருஷக் கடைசியில் ஜெனரல் வந்து பட்டாளத்தைப் பார்வையிட்டுப் போனதும் மரியாதையாக விலகிக்கொள்கிறேன் என்கிறார். அதுவரை வெளியே தெரியக் கூடாது. கண் போய்விட்டது என்று காகிதத்தில் ஏறினால், எப்போதிருந்து என்று கேட்பார்கள். ஜனவரியிலிருந்து என்றால், அதற்கப்புறம் விழுந்த கையெழுத்தெல்லாம் யாருடையது? துரைக்குப் பென்ஷன் கிடைக்கும். எனக்கு விலங்கு.

ஆகஸ்ட் 13

அட்ஜுடன்ட் ஹார்க்னெஸ் என்று ஒருவன் வந்து மூன்று மாசமாகிறது. துரைக்கு அடுத்தபடி ஆபீஸ் நிர்வாகம் அவன் கையில். பூனை மாதிரி வருவான். இன்று காலை துரை வருவதற்கு முன்னால் நாற்காலியை மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

நான் பார்த்துவிட்டேன். ஆனால் என்ன செய்ய? நாற்காலியை நான் தொட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். துரை படியேறுகிற சத்தம் கேட்டது. பதினாலு அடி, வலப்பக்கம் திரும்பல், நான்கு அடி, உட்காருவது. அது எங்கள் கணக்கு. உட்கார்ந்தால் தரையில்தான் உட்காருவார்.

மைக்கூட்டைத் தட்டிவிட்டேன். தரை முழுக்க மை. "மன்னிக்க வேண்டும் துரை, நாற்காலியை நகர்த்தித் துடைத்துவிடுகிறேன், அப்படியே நில்லுங்கள்" என்று கத்தினேன். துரை அப்படியே நின்றார். ஹார்க்னெஸ் என்னைத்தான் பார்த்தான், துரையைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21

பிள்ளையின் சிலேட்டில் துரை பெயரில் வருகிற 'எம்' எழுத்தைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தேன். செபத்தியம்மாள் பார்த்துவிட்டு, "பதினோரு வருஷம் கழிச்சு இங்கிலீசு அரிச்சுவடி படிக்கிறீகளா" என்றாள். ஆமாம் என்றேன். என் பெண்சாதிக்குப் பொய்யைக் கண்டுபிடிக்க விளக்கு வேண்டாம்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தடவை நோட்டை மூடித் திறந்தேன்.

சீமைத் தபால் வந்தது. துரையின் மகள் எல்ஸ்பெத் கடிதம். தாயில்லாப் பெண், எடின்பரோவில் சித்தி வீட்டில் இருக்கிறாள். மாசம் ஒன்று எழுதுவாள், நான்தான் படித்துக் காட்டுவேன். ஜூன் மாசத்தில் ஒருநாள் துரை அட்டையில் வரிவரியாகத் திறப்புக் கீறி, காகிதத்தின்மேல் வைத்து, அதன் வழியாகத் தடவித் தடவித் தாமே ஏதோ எழுதி, சூசையிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். எனக்கு மனசில் தைத்தது. என்னிடம் சொல்லாத ரகசியம் என்ன என்று நினைத்தேன். இது அதற்குப் பதில்.

மகள் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படிக்குமுன் கண்ணால் ஒரு ஓட்டம் ஓட்டினேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். "அப்பா, உங்கள் கண் விஷயத்தை இங்கே பெரிய டாக்டரிடம் சொன்னேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற வியாதி என்கிறார். வெளிச்சம் தெரிகிற வரைக்கும் கத்தி வைத்துக் காப்பாற்றப் பார்க்கலாமாம். வெளிச்சமும் போய்விட்டால் பிறகு யாராலும் ஒன்றும் முடியாதாம். இன்றே மேலிடத்தில் கண் விஷயத்தைச் சொல்லி லீவு கேளுங்கள். சென்னையிலிருந்து செப்டம்பர் இருபதாம் தேதிக் கப்பல் இருக்கிறது. தவறினால் அக்டோபர் இருபத்தைந்து."

மேலிடத்தில் சொல்லுங்கள். இன்றே. ஜெயில் வாசலில் ஹார்க்னெஸ் மீசையைத் தடவிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"என்ன ரைட்டர், தொண்டை அடைத்ததா?" என்றார் துரை.

"இல்லை துரை" என்றேன். கடிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இல்லாததைப் படித்தேன்.

என்ன படித்தேன் என்பது மறந்துவிடக் கூடாது, திரும்பக் கேட்பார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: மழை விடவில்லை. சித்திக்கு இருமல், இப்போது தேவலை. பாதிரியார் படியில் வழுக்கி இடது கால் சுளுக்கிக்கொண்டார். கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. அன்புடன் எல்ஸ்பெத்.

படித்து முடித்ததும் துரை கையை நீட்டிக் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசிப் பக்கம் வெறும் பக்கம், அதில் நிறையப் பொத்தல். ஐரோப்பாவில் வாந்திபேதி பரவியிருக்கிறது என்று பத்திரிகையில் போட்டிருந்தான். பேதிக் காலத்தில் துறைமுகத்தில் தபாலை ஊசியால் குத்தி, உள்ளே புகை போட்டுத்தான் அனுப்புவார்கள். பழைய தபால் குமாஸ்தா எனக்கு அப்படி ஒன்று காட்டியிருக்கிறான். துரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரே, நோய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று வேறு பயமாக இருந்தது.

வழக்கமாக அன்றைக்கே பதில் சொல்லி எழுதச் சொல்வார். இன்று, "பதில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

செப்டம்பர் 12

"அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படி" என்று எடுத்து நீட்டினார். மழை, இருமல், பாதிரியார், ஆடு. எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"பாதிரியாருக்கு எந்தக் கால்?"

"இடது கால், துரை."

"பாவம்" என்றார்.

செப்டம்பர் 19

நாளைக்குச் சென்னையில் கப்பல். இங்கே தூறல். ஒன்பது காகிதத்தில் கையெழுத்து. சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்தேன். வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 20

கப்பல் போயிருக்கும். சாப்பிடவில்லை.

அக்டோபர் 2

ஜெனரல் வருஷக் கடைசிக்குக் காத்திருக்கவில்லை. இருபதாம் தேதியே வருகிறாராம். தந்தியை நான்தான் படித்தேன். இதை மாற்றிப் படிக்க வழியில்லை, ஹார்க்னெஸ் எதிரே நின்றான்.

கவாத்து பற்றிக் கவலையில்லை. துரையின் குதிரைக்கு மைதானம் மனப்பாடம். வாளுக்குத்தான் பயம். எங்கள் பட்டாளங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பார்வையிடல் நாளில் இந்திய அதிகாரிகள், சுபேதார்களும் ஜமேதார்களும் வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் தன் வாளின் கைப்பிடியைக் கர்னல் முன்னால் நீட்டுவார்கள். என் வாள் உங்களுடையது என்று அர்த்தம். கர்னல் அதை விரலால் தொட வேண்டும். தொடாமல் போனால், உன் விசுவாசம் எனக்கு வேண்டாம் என்று ஊரறியச் சொன்ன மாதிரி. இதற்காகப் பட்டாளத்தை விட்டே போனவர்கள் இருக்கிறார்கள். பதினாறு பேர், பதினாறு கைப்பிடி. ஒன்று தப்பினாலும் ஜெனரல் கண்ணுக்கு எதிரேயே எல்லாம் வெளுத்துவிடும்.

பங்களா கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். பதினாறு நாற்காலி கிடைக்காமல் பெட்டி, ஸ்டூல், முக்காலி எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொன்றிலும் கைத்தடியோ குடையோ சாய்த்து வைத்தேன். இரண்டு அடி நட, நில், வலது கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டு. பத்துத் தடவையில் ஒன்பது தடவை சரியாக வந்தது. பத்தாம் தடவை குடை மேல் விழுந்தார். தூக்கிவிட்டேன். என் தோளைப் பிடித்த கை ஜில்லென்றிருந்தது. எனக்கு மட்டும்தான் பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அக்டோபர் 10

பகல் பன்னிரண்டு மணி. வெயில் கூடத்தில் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருந்த துரை, "இருட்டிவிட்டதே, விளக்கு ஏற்றவில்லையா?" என்று கேட்டார்.

"ஏற்றியாயிற்று துரை" என்றேன்.

வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14

ஹார்க்னெஸ் கூப்பிட்டான். மேஜைமேல் கையெழுத்துக் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தான். போன வருஷத்தது ஒரு பக்கம், இந்த வருஷத்தது ஒரு பக்கம்.

"ரைட்டர், கர்னல் இந்த வருஷம் ரொம்ப அழகாக எழுதுகிறார். போன வருஷம் அவசரக் கிறுக்கல். இந்த வருஷம் ஒரே அச்சு. ஏன்?"

"எனக்குத் தெரியாது ஐயா."

"உன் பெயரை இங்கே எழுது."

எழுதினேன். வேண்டுமென்றே கோணலாக எழுதினேன். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஜெனரல் வரட்டும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். செபத்தியம்மாள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் கக்கிவிட்டேன், கடிதம் உட்பட.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கையெழுத்துப் போட்டது அவர் சொல்லிப் போட்டீக. அதுக்கு அவர் பொறுப்பு. கடுதாசியை முழுங்கினது யார் சொல்லி?"

"ஜெயிலுக்குப் போனா நீயும் பிள்ளையும் என்ன செய்வீக?"

"எங்களைச் சாக்குச் சொல்லாதீக. பயந்தேன்னு சொல்லுங்க. இன்னொரு கப்பல் இருக்குல்ல? போய்ப் படிங்க."

நாளைக்குப் படிக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 15

படிக்கவில்லை.

அக்டோபர் 17

பார்வையிடல் முடியட்டும், அதற்கப்புறம் படித்துவிடலாம். இப்போது படித்தால் துரையின் மனசு கலங்கி வாள் தப்பிவிடும். அவர் நன்மைக்குத்தான் தள்ளிப்போடுகிறேன். செபத்தியம்மாள் என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் 20, திங்கள்

உயிரோடிருக்கிறேன்.

ஜெனரல் நாற்காலியில், பக்கத்தில் ஹார்க்னெஸ். நான் ஆபீஸ் ஆட்களோடு கொட்டகை ஓரம். துரை பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்தார். முதல் ஆள் பெரிய சுபேதார் ஷேக் தாவூத், கோட்டைச் சண்டையில் துரையோடிருந்தவர். கைப்பிடி நீண்டது, துரை தொட்டார். இரண்டு அடி. தொட்டார். இரண்டு அடி. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பத்து, பதினொன்று.

பன்னிரண்டாவது ஆள் ஒரு புது ஜமேதார். குள்ளம். ஒத்திகையில் எல்லோருக்கும் ஒரே உயரம் என்று பழக்கியிருந்தேன். என் தப்பு. துரையின் கை அவன் வாளுக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில் நின்றது. ஹார்க்னெஸ் முன்னால் சாய்ந்தான். நான் பக்கத்திலிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் குள்ள ஜமேதார் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையை உயர்த்தினான். கைப்பிடி போய்த் துரையின் விரலில் முட்டிற்று. அடுத்தவன் அதே உயரத்துக்குத் தூக்கியே நீட்டினான். அதற்கடுத்தவனும். கடைசி ஆள் வரை.

முடிந்ததும் ஷேக் தாவூத் என்னிடம் வந்தார். "என்ன ரைட்டரே, முகம் சுண்ணாம்பாட்டம் இருக்கு?"

"ஒன்றுமில்லை சுபேதார் சாயபு."

"ஆறு மாசமா தெரியும் எங்களுக்கு. சலாம் வச்சா, வைக்கிற கையைப் பார்க்காம பூட்ஸ் சத்தத்தைப் பார்ப்பாரு. உமக்கும் அவருக்கும்தான் அது ரகசியம்" என்று சொல்லிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

பதினாறு பேர் வாயை மூடிக்கொண்டு அவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 21

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். "துரை, அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். சரியாகப் படிக்கிறேன்" என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. வெளிச்சம் தெரிகிற வரைக்கும் என்கிற இடத்தில் நின்றேன். மறுபடி அந்த வரியைப் படித்தேன்.

துரை பிரம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு, "நான் விளக்கு ஏற்றச் சொன்னேனே, அது என்றைக்கு?"

"பத்தாம் தேதி, துரை."

"எத்தனை மணி?"

"பகல் பன்னிரண்டு."

"அப்படியானால் நீ விளக்கு ஏற்றவில்லை."

"இல்லை துரை."

தலையை ஆட்டினார். கடிதத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என் விரலைப் பிடித்து அந்தப் பொத்தல்மேல் வைத்தார். பின்பக்கமிருந்து ஊசியால் குத்தி, முன்பக்கம் முண்டு முண்டாக நிற்கிறது. கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். முண்டுகள் ஒவ்வொன்றாக எழுத்தாகிற்று. 'வீட்டுக்கு வாருங்கள் அப்பா.'

நான் பேதிக்குப் புகை போட்ட துளை என்று நினைத்தேனே, அதைக் குத்தினது மகள்.

"அன்றைக்கே தெரியும், நீ வேறு எதையோ படித்தாய் என்று" என்றார். "எங்கள் வீட்டில் ஆடே கிடையாது, ரைட்டர்."

நான் அழுதுவிட்டேன். "ஏன் துரை கேட்கவில்லை?"

"கேட்டால் போக வேண்டியிருக்கும். கர்னலாக வந்த ஊரில் குருடனாக இறங்கிப் போக எனக்குப் பயம். உன் பொய் எனக்குச் சௌகரியமாக இருந்தது. பார்வையிடல் முடிந்து போய்க்கொள்ளலாம், வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்." பிறகு, "வெளிச்சத்தைப் பற்றி அவள் ஊசியால் எழுதவில்லை. அதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று" என்றார்.

என்னை அடித்திருக்கலாம். கையில் பிரம்பு இருந்தது.

"எல்லோரும் அந்தக் கோட்டைச் சுவரைப் பற்றிப் பேசுகிறார்கள். கீழே நிற்கப் பயமாக இருந்தது, அதனால்தான் மேலே ஏறினேன். பயந்தவனுக்கு அன்று பதக்கம் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்." எழுந்து நின்றார். "நாளைக் காலை ஜெனரலிடம் கூட்டிப்போ. மறைத்தது போதும்."

அக்டோபர் 22

ஜெனரல் முன்னால் ஹார்க்னெஸ் ஏற்கெனவே காகிதங்களோடு நின்றிருந்தான். நான் எழுதின என் பெயரும் அதில் இருந்தது. என் முழங்கை துரையின் கையில்.

துரை மறைக்காமல் சொன்னார். ஜனவரியிலிருந்து கண் இல்லை. எல்லாக் கையெழுத்தும் தம் உத்தரவின் பேரில் ரைட்டர் போட்டது. ஒவ்வொன்றும் தமக்குப் படித்துக் காட்டப்பட்டது. குற்றம் தம்முடையது. அதை எழுதி, தாமே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

சொன்னதை எழுதியானதும் பேனாவை அவர் கையில் கொடுத்தேன். விரலைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். 'எம்' மேலே ஏறிற்று, மற்றதெல்லாம் சரிந்து கீழே போய், வால் காகிதத்தை விட்டு மேஜையில் முடிந்தது.

ஹார்க்னெஸ் அதை எடுத்து என் கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தான். பழக்க தோஷம் போலிருக்கிறது, "இது கர்னலின் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை" என்றான்.

"ஒத்துப்போகாது" என்றார் துரை. "என்னுடையது இதுதான்."

ஜெனரல் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பதக்கம் வாங்கின கர்னலைக் கோர்ட்டுக்கு இழுக்க அவருக்கு மனசில்லை. அவரை விட்டுவிட்டு என்னை மட்டும் இழுக்கவும் வழியில்லை. எனக்கு வேலை போயிற்று. விலங்கு இல்லை. மத்தியானத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

கடிதத்தைப் பற்றி மட்டும் துரை வாயைத் திறக்கவில்லை. அது இந்த நோட்டுக்கும் செபத்தியம்மாளுக்கும்தான் தெரியும்.

அக்டோபர் 23

ரயிலடிக்குப் போனேன். சூசை கப்பல் வரை கூடப் போகிறான். ஷேக் தாவூத்தும் பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். துரை வண்டி ஜன்னலில் கை நீட்டி என் தோளைத் தேடினார். தோளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாலும் எழுதச் சொல்கிறேன்" என்றார்.

"நல்லபடியாக எழுதுங்கள் துரை" என்றேன்.

1874 ஜனவரி 30

கலெக்டர் கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறேன். இரண்டு மாசமாகத் தபால்காரனைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறேன். வராமலிருக்கட்டும் என்றுதான் மனசு வேண்டிக்கொள்கிறது.

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டது.

மரத்தடியில் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, செபத்தியம்மாளை எதிரே உட்காரவைத்துப் பிரித்தேன். மகள் கையால் எழுதிய கடிதம், துரை சொல்லச் சொல்ல.

"அன்புள்ள அடைக்கலம், நல்ல செய்தி. டாக்டர் கத்தி வைத்தார். இடது கண் தெளிந்துவிட்டது. கடல் தெரிகிறது, மகள் முகம் தெரிகிறது. நாற்பது நாள் தாமதத்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று டாக்டரே சொன்னார். இனி நீ அதை நினைத்து மனசைப் போட்டு வாட்டிக்கொள்ளாதே. நம்பிக்கை வருவதற்காகக் கீழே நானே கையெழுத்துப் போடுகிறேன், பார்த்துக்கொள்."

பார்த்தேன். வரி பிசகாமல், நேராக, அழகாக இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன்.

மூன்று பொட்டு. 'எம்' முடிகிற இடத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வால் திரும்புகிற இடத்தில் ஒன்று. பழைய கையெழுத்து ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, பார்த்துப் பார்த்துப் போட்டது. மகளாகத்தான் இருக்கும். பத்து நாள் பழகினால் அந்தப் பொட்டு போய்விடும். அவளுக்கு அது தெரியாது.

"என்னங்க, கண்ணு தெரியுதாமா?" என்றாள் செபத்தியம்மாள்.

"தெரியுதாம்" என்றேன். "கடல் தெரியுதாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மார்ச் 10

துரைக்குப் பதில் எழுதினேன். தங்கள் கையெழுத்தைக் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டேன், மனசிலிருந்த பாரம் இறங்கிற்று என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். மகள் படித்துக் காட்டுவாள். அடியில் ஊசியால் ஏதாவது குத்தி அனுப்பலாமா என்று ஊசியை எடுத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன குத்துவதென்று தெரியவில்லை. அப்படியே ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.